ஒரு தேதியின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி? ஏப்ரல் 23-ஐ முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

1616-ஆம் ஆண்டு ஏப்ரல் 23. மாட்ரிடில் அன்று சனிக்கிழமை. ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் அதே தேதி செவ்வாய்க்கிழமை. எழுத்துப் பிழை எதுவும் இல்லை, இரண்டுமே சரி.

'வரலாற்றில் இன்று' என்று நாள்தோறும் பட்டியல் போடத் தொடங்கிய முதல் ஆண்டில், "ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டிஸும் ஒரே நாளில் மறைந்தார்கள்" என்று பெருமிதத்தோடு எழுதினேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒற்றை வரியில் பதில் அனுப்பினார்: "எந்த நாட்காட்டியின் ஒரே நாள்?" என்னிடம் விடை இல்லை. அதைத் தேடிப் போனபோதுதான், ஒரே தேதி என்பதும் ஒரே நாள் என்பதும் வேறு வேறு என்று புரிந்தது. நிகழ்வு, பிறப்பு, இறப்பு என்று மூன்று தலைப்புகளில் ஒரு தேதியைத் தொகுக்க விரும்புகிறவர் முதலில் கைக்கொள்ள வேண்டிய வேறுபாடு இதுதான். ஏப்ரல் 23-ஐ எடுத்துக்கொண்டு, வேலையைத் தொடக்கத்திலிருந்து செய்து காட்டுகிறேன்.

படி 1: சல்லடை போடாமல் சேருங்கள்

ஒரு தாளை எடுத்து மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கண்ணில் படுவதையெல்லாம் எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எங்கே கிடைத்தது என்று குறித்துவிடுங்கள். பின்னால் சரிபார்க்கும்போது அந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

ஏப்ரல் 23-க்கு என் தாளில் முதலில் சேர்ந்தவை இவை. நிகழ்வுகள்: 1014 அயர்லாந்தில் குளோன்டார்ஃப் போர், 1967 சோயுஸ் 1 விண்கலம், 1985 கோக்கோ கோலாவின் புதிய சுவை அறிவிப்பு, 1995 யுனெஸ்கோவின் உலகப் புத்தக நாள், 2005 யூடியூபின் முதல் காணொளி. பிறப்புகள்: ஷேக்ஸ்பியர், மாக்ஸ் பிளாங்க், ரஷ்ய இசையமைப்பாளர் செர்கேய் புரோகோஃபியெவ், ரஷ்யாவில் பிறந்த எழுத்தாளர் விளாதிமிர் நபக்கோவ், ஷெர்லி டெம்பிள். இறப்புகள்: செர்வான்டிஸ், ஷேக்ஸ்பியர், வேர்ட்ஸ்வொர்த், சத்யஜித் ராய், போரிஸ் யெல்ட்சின், விண்வெளி வீரர் கொமரோவ்.

பார்ப்பதற்கு நிறைவான பட்டியல். ஆனால் இதில் ஏறத்தாழ பாதி வரிகளில் ஏதோ ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது.

இன்னொரு பட்டியலிலிருந்து எடுத்ததை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். இத்தகைய பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்படுபவை. பத்துப் பேர் ஒரே வாயிலிருந்து கேட்டதைத் திருப்பிச் சொன்னால் அது பத்து சாட்சி ஆகாது. நிகழ்வுக்கு மிக அருகில் நிற்கும் ஆவணத்தைத் தேடுங்கள்: பிறப்புப் பதிவு, தேவாலயப் பதிவேடு, கல்லறை எழுத்து, அரசிதழ், கப்பலின் நாட்குறிப்பு, மறுநாள் வந்த செய்தித்தாள். செய்தித்தாளில் ஒரு கண்ணி உண்டு. அதன் மேல் அச்சான தேதி செய்தி வந்த தேதி; நடந்த தேதி அல்ல. டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட்டின் உச்சியில் நின்றது 1953 மே 29. லண்டன் மக்கள் அதைப் படித்தது ஜூன் 2, எலிசபெத் அரசி முடிசூடிய நாளில்.

படி 2: எந்த நாட்காட்டி என்று கேளுங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். தவறுகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

ஜூலியஸ் சீசர் கி.மு. 45-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நாட்காட்டி, ஓராண்டுக்கு 365 நாளும் கால் நாளும் என்று கணக்கிட்டது. சூரிய ஆண்டு அதைவிட ஏறத்தாழ 11 நிமிடம் குறைவு. சிறு பிசகுதான், ஆனால் 128 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் சேர்ந்துகொண்டே போனது. போப் 13-ஆம் கிரிகோரி அதைச் சரிசெய்தபோது பத்து நாட்களை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. 1582 அக்டோபர் 4 வியாழக்கிழமைக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை. கத்தோலிக்கப் புனிதரான அவிலாவின் தெரேசா ஸ்பெயினில் உயிர் நீத்தது சரியாக அந்த இரவில். அவருடைய திருநாள் இன்றும் அக்டோபர் 15-இல் வருகிறது.

எல்லா நாடுகளும் ஒரே நேரத்தில் மாறியிருந்தால் நமக்கு வேலை மிச்சம். ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, இத்தாலியின் பெரும்பகுதி உடனே மாறின. பிரிட்டன் 1752 வரை காத்திருந்தது. அங்கே செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. ரஷ்யா 1918-இல் மாறியது. ஜனவரி 31-க்கு மறுநாள் பிப்ரவரி 14. அக்டோபர் புரட்சியின் ஆண்டு நிறைவு நவம்பர் 7-இல் வருவதற்குக் காரணம் இதுதான்.

இப்போது 1616-க்குத் திரும்புவோம். ஸ்பெயினில் கிரிகோரியின் புதிய கணக்கு (கிரிகோரியன்), இங்கிலாந்தில் சீசரின் பழைய கணக்கு (ஜூலியன்). ஸ்ட்ராட்ஃபோர்டின் ஏப்ரல் 23, மாட்ரிடின் மே 3. ஷேக்ஸ்பியர் கண்மூடியபோது செர்வான்டிஸ் மறைந்து பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

கிழமையை வைத்து இதை நீங்களே சரிபார்க்கலாம். கிரிகோரியன் நாட்காட்டியில் 400 ஆண்டுகளுக்கு 146097 நாட்கள். அது மீதமில்லாமல் 20871 வாரங்கள். ஆகவே 1616-இன் கிழமைகளும் 2016-இன் கிழமைகளும் ஒன்றே. 2016-ஆம் ஆண்டு நாட்காட்டியில் ஏப்ரல் 23-ஐப் பாருங்கள்: சனி. மே 3-ஐப் பாருங்கள்: செவ்வாய். பழைய கடிதமோ பதிவோ தேதியோடு கிழமையையும் சொன்னால், எழுதியவர் எந்த நாட்காட்டியைப் பின்பற்றினார் என்பது இந்த ஒரு சோதனையிலேயே வெளிப்பட்டுவிடும்.

இரு கணக்குக்கும் உள்ள இடைவெளி நிலையானது அல்ல. 1582 முதல் 1700 பிப்ரவரி வரை 10 நாள். 18-ஆம் நூற்றாண்டில் 11. 19-ஆம் நூற்றாண்டில் 12. 1900 பிப்ரவரிக்குப் பின் 13. பழைய நாட்காட்டி 1700, 1800, 1900 ஆகியவற்றை லீப் ஆண்டாகக் கொண்டது. புதியது அவற்றை விலக்கியது. ஒவ்வொரு விலக்கும் இடைவெளியில் ஒரு நாளைக் கூட்டியது.

நபக்கோவின் பிறந்தநாள் இதற்குக் கச்சிதமான எடுத்துக்காட்டு. அவர் பிறந்தது ரஷ்யாவின் பழைய கணக்கில் 1899 ஏப்ரல் 10. அப்போது இடைவெளி 12 நாள்; ஆகவே புதிய கணக்கில் ஏப்ரல் 22. ஆனால் 1900-க்குப் பிறகு இடைவெளி 13 ஆனதால், அதே ஏப்ரல் 10 புதிய கணக்கின் 23-இல் விழத் தொடங்கியது. அவர் பிறந்தநாள் கொண்டாடியதும் 23-இல்தான். பிறந்த தேதி என்ற முறையில் அவருடைய இடம் ஏப்ரல் 22. அவரே கொண்டாடிய நாள் என்ற குறிப்போடு 23-இலும் ஒரு வரி தரலாம். குறிப்பில்லாமல் தருவது தவறு.

புரோகோஃபியெவின் கதை வேறு. தாம் பிறந்தது 1891 ஏப்ரல் 11, அதாவது புதிய கணக்கில் 23 என்று அவர் வாழ்நாள் முழுவதும் நம்பினார். மறைவுக்குப் பின் கிடைத்த பிறப்புச் சான்று ஏப்ரல் 15 என்கிறது. புதிய கணக்கில் 27. தம் பிறந்தநாளைப் பற்றி ஒருவர் தாமே சொன்னதையும் ஆவணத்தோடு ஒப்பிட்டாக வேண்டும்.

இன்னொரு பொறி, இரு நாட்காட்டிகளைக் கலந்து செய்யும் ஒப்பீடு. "கலிலியோ மறைந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார்" என்று அடிக்கடி படிக்கிறோம். கலிலியோ மறைந்த 1642 ஜனவரி 8 இத்தாலியின் புதிய கணக்கு. நியூட்டன் பிறந்த 1642 டிசம்பர் 25 இங்கிலாந்தின் பழைய கணக்கு; புதிய கணக்கில் அது 1643 ஜனவரி 4. ஒரே அளவுகோலால் அளந்தால் அந்த ஒற்றுமை கலைந்துவிடுகிறது. அதற்கு மாறாக, ஸ்டீபன் ஹாக்கிங் 1942 ஜனவரி 8-இல் பிறந்தார் என்பது கலிலியோவின் மறைவுக்குச் சரியாக 300 ஆண்டு கழித்துத்தான். இரண்டும் புதிய கணக்கே. இதைத் தயங்காமல் எழுதலாம்.

நான் பின்பற்றும் நெறி இது. 1582-க்கு முந்தையவற்றை மாற்றுவதில்லை. ஜூலியன் தேதியையே வைக்கிறேன். அதனால் குளோன்டார்ஃப் போர் ஏப்ரல் 23-இலேயே நிற்கிறது. அது பெரிய வெள்ளிக்கிழமையில் நடந்தது என்ற செய்தியும் அந்தத் தேதியோடு பொருந்துகிறது. 1582-க்குப் பின் அந்தந்த நாட்டில் அன்று புழங்கிய தேதியை வைத்து, தேவைப்படும் இடத்தில் 'பழைய கணக்கு' என்று குறிக்கிறேன். ரஷ்யாவின் 18, 19-ஆம் நூற்றாண்டுத் தேதிகளுக்கு மட்டும் புதிய கணக்கு. உலகம் அப்படியே பழகிவிட்டது. நீங்கள் வேறு நெறியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒரு பட்டியலுக்குள் நெறி மாறக் கூடாது.

படி 3: எந்த ஊரின் கடிகாரம் என்று கேளுங்கள்

யூடியூபின் முதல் காணொளி 19 விநாடி ஓடுவது. ஜாவேத் கரீம் சான் டியேகோ உயிரியல் பூங்காவில் யானைகளுக்கு முன் நின்று பேசுகிறார். அது பதிவேறியபோது கலிபோர்னியாவில் 2005 ஏப்ரல் 23 இரவு. கிரீன்விச் நேரப்படி ஏற்கெனவே 24 பிறந்துவிட்டது. இரண்டு தேதிகளும் புழக்கத்தில் இருப்பதற்குக் காரணம் இதுவே.

ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தது அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரப்படி 1969 ஜூலை 20 இரவு 10.56. கிரீன்விச்சில் 21 அதிகாலை 2.56. பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது ஹவாயில் 1941 டிசம்பர் 7. ஜப்பானில் டிசம்பர் 8. அதே தாக்குதல் அலையில் ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது உள்ளூர்த் தேதிப்படி டிசம்பர் 8. ஆனால் உண்மையில் அது பேர்ல் துறைமுகத்துக்கும் முன்னால் தொடங்கிவிட்டது. தேதியை மட்டும் பார்த்து எது முதலில் நடந்தது என்று எழுதுகிறவர் ஏமாந்துபோவார்.

நிகழ்வு நடந்த இடத்தின் நேரமே அதன் தேதி என்று கொள்ளுங்கள். நிலவு, விண்வெளி, இணையம் போன்று சொந்த ஊர் இல்லாதவற்றுக்கு, அதை நடத்தியவர்களின் ஊர் நேரத்தை வைத்துவிட்டு கிரீன்விச் தேதியையும் குறித்துவிடுங்கள்.

படி 4: நிகழ்வின் எந்தக் கட்டம் என்று கேளுங்கள்

டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது 1912 ஏப்ரல் 14 இரவு 11.40, மூழ்கியது 15 அதிகாலை 2.20. "டைட்டானிக் விபத்து" என்று எழுதினால் எந்தத் தேதியும் முழு உண்மை ஆகாது. மோதியது, மூழ்கியது என்று வினையைச் சொல்லுங்கள். குழப்பம் தானாகத் தீரும். அமெரிக்க விடுதலைக்கான வாக்கெடுப்பு 1776 ஜூலை 2, பிரகடனத்தை ஏற்றது ஜூலை 4, பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2.

என் தாளில் இருந்த யுனெஸ்கோ வரியும் இங்கேதான் அடிபட்டது. "1995 ஏப்ரல் 23: உலகப் புத்தக நாள் அறிவிக்கப்பட்டது" என்று எழுதியிருந்தேன். அந்த முடிவை யுனெஸ்கோவின் பொது மாநாடு எடுத்தது அந்த ஆண்டின் பிற்பகுதியில், பாரிசில். ஏப்ரல் 23 என்பது கொண்டாடத் தேர்ந்த நாள். முடிவெடுத்த நாள் அல்ல. ஆகவே அதை நிகழ்வுகளிலிருந்து எடுத்து, பக்கத்தின் தலையில் 'இந்நாளின் சிறப்பு' என்று வைத்தேன். சோயுஸ் 1 புறப்பட்டது 23. பூமியில் மோதி விளாதிமிர் கொமரோவ் உயிரிழந்தது 24. ஏவிய செய்தி இங்கே நிற்கும். அவருடைய பெயர் அடுத்த நாளின் தாளுக்குப் போகும்.

படி 5: பிறப்புகளைச் சோதியுங்கள்

பழைய ஐரோப்பிய வாழ்க்கைக் குறிப்புகளில் பல நேரம் நமக்குக் கிடைப்பது பிறந்த நாள் அல்ல, ஞானஸ்நானம் பெற்ற நாள். ஸ்ட்ராட்ஃபோர்டின் தேவாலயப் பதிவேட்டில் இருப்பது 1564 ஏப்ரல் 26, ஷேக்ஸ்பியரின் ஞானஸ்நானம். ஏப்ரல் 23 என்பது வழிவழியாக வந்த அனுமானம். அவர் மறைந்த தேதியும், இங்கிலாந்தின் காவல் புனிதர் ஜார்ஜின் திருநாளும் அதுவே என்பதால் அந்த அனுமானம் எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது. பேதோவனுக்கும் 1770 டிசம்பர் 17 என்ற ஞானஸ்நானத் தேதிதான் பதிவில் உண்டு. செர்வான்டிஸுக்கு 1547 அக்டோபர் 9.

இத்தகைய வரிகளை நீக்க வேண்டியதில்லை. "மரபாகக் கொண்டாடப்படும் நாள்" என்று எழுதுங்கள். வாசகருக்கு அதில் குறைவொன்றும் இல்லை. சொல்லப்போனால் சுவை கூடுகிறது. டென்சிங் நார்கேக்குத் தம் பிறந்த தேதி தெரியாது. எவரெஸ்ட் ஏறிய மே 29-ஐயே பின்னாளில் பிறந்தநாளாகக் கொண்டார். இதை ஒளித்துவிட்டு "1914 மே 29" என்று மொட்டையாக எழுதினால் எவ்வளவு அழகான செய்தி வீணாகிறது!

ஆண்டையும் நம்பிவிடாதீர்கள். ஷெர்லி டெம்பிள் பிறந்தது 1928. குழந்தை நட்சத்திரமாக இருந்தபோது அவர் வயதில் ஒன்றைக் குறைத்து 1929 என்று விளம்பரப்படுத்தினார்கள். நடிப்பு, விளையாட்டு போன்ற துறைகளில் வயதைக் கூட்டுவதும் குறைப்பதும் உண்டு என்பதால், அங்கே இரண்டு மடங்கு எச்சரிக்கை வேண்டும்.

படி 6: இறப்புகளைச் சோதியுங்கள்

இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஒன்று, அடக்கம் செய்த நாள் இறந்த நாளாகப் பதிவாவது. செர்வான்டிஸ் மறைந்தது 1616 ஏப்ரல் 22 என்றும் 23 அடக்கம் செய்த தேதி என்றும் ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ஆக, ஷேக்ஸ்பியரோடு அவருக்கு இருந்த 'ஒரே தேதி' உறவும் ஆட்டம் காண்கிறது.

மற்றொன்று நள்ளிரவு. பாரதியார் மறைந்தது 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி, ஏறத்தாழ 1.30 மணிக்கு. நாட்காட்டிப்படி அது செப்டம்பர் 12. ஆனால் இரவு விடியும்வரை அதை முந்தைய நாளின் இரவாகவே நினைப்பது நம் பேச்சு வழக்கு. நினைவுநாளாக 11-உம், ஆவணத் தேதியாக 12-உம் இரண்டு வழியில் நிலைத்தது இப்படித்தான். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே நேர்ந்த எந்த மரணத்துக்கும் மணியைத் தேடிக் கண்டுபிடித்து எழுதுங்கள்.

படி 7: இப்போது சல்லடை போடுங்கள்

சோதனை முடிந்த பிறகே தேர்வு. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வரியைப் படித்தவர் இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ள விரும்புவாரா? சும்மா விட்டால் பட்டியல் போர்களாலும் அரசர்களாலும் பதவியேற்புகளாலும் நிரம்பிவிடும். ஆவணங்களை அதிகம் விட்டுச் சென்றவர்கள் அவர்கள்தான். அறிவியல், கலை, கல்வி, மருத்துவம் ஆகியவற்றுக்கு நீங்கள் முயன்று இடம் ஒதுக்க வேண்டும். மூன்று பகுதியிலும் சம எண்ணிக்கை வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தற்செயல் ஒற்றுமைகளுக்கு அளவோடு இடம் கொடுங்கள். லிங்கனும் டார்வினும் 1809 பிப்ரவரி 12 என்ற ஒரே நாளில் பிறந்தவர்கள். ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெஃபர்சனும் 1826 ஜூலை 4-இல், விடுதலைப் பிரகடனத்தின் 50-ஆவது ஆண்டு நிறைவில், சில மணி நேர இடைவெளியில் மறைந்தார்கள். இவை உண்மை, படிக்கும்போது மெய்சிலிர்க்கிறது. ஆனால் விதியின் கையைத் தேட வேண்டாம். ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே, அவர்களில் இருவருக்காவது ஒரே பிறந்தநாள் அமைவதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு.

படி 8: வரியை எழுதுங்கள்

"1858: மாக்ஸ் பிளாங்க் பிறந்தார்." இந்த வரியில் தகவல் இருக்கிறது, உயிர் இல்லை. இப்படி மாற்றிப் பாருங்கள்: "1858: மாக்ஸ் பிளாங்க், ஜெர்மானிய இயற்பியலாளர். ஒளியின் ஆற்றல் ஆற்றுநீர்போல் தொடர்ச்சியாக அல்லாமல் சிறு சிறு பொதிகளாகப் பரிமாறப்படுகிறது என்று 1900-இல் முன்வைத்தவர். குவாண்டம் இயற்பியல் அங்கிருந்து தொடங்கியது." பெயர், யார், எதற்காக நினைக்கிறோம். இந்த மூன்றும் போதும்.

இறப்பு வரியில் நோயைக் காட்டிலும் வாழ்வைச் சொல்லுங்கள். "1992: சத்யஜித் ராய், திரைப்பட இயக்குநர். சில வாரங்களுக்கு முன்புதான் கொல்கத்தாவில் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே கௌரவ ஆஸ்கர் விருதை ஏற்றிருந்தார்."

வயதைக் குறிக்கும்போது, முடிந்த வயதா, நடக்கும் வயதா என்று தெளிவுபடுத்துங்கள். ஷேக்ஸ்பியரின் நினைவுச் சின்னத்தில் 53 என்று இருக்கிறது. அது 53 நடப்பு, முடிந்தது 52. அந்தக் கணக்கு சரியென்றால் அவர் 1564 ஏப்ரல் 23-க்குப் பிறகு பிறந்திருக்க முடியாது. அனுமானத் தேதிக்கு அந்தக் கல் தரும் சிறு துணை இது. கி.மு. ஆண்டுகளிலும் கவனம் வேண்டும். இடையில் பூஜ்யம் ஆண்டு கிடையாது. சீசர் கி.மு. 44 மார்ச் 15-இல் கொல்லப்பட்டார். அதன் 2000-ஆவது ஆண்டு நிறைவு 1956 அல்ல, 1957.

பிப்ரவரி 29-க்குத் தனித் தாள் போடுங்கள். 28-லோ மார்ச் 1-லோ கரைத்துவிடாதீர்கள். மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. 1900 லீப் ஆண்டு அல்ல என்பதால் அடுத்த பிப்ரவரி 29 எட்டு ஆண்டு கழித்து 1904-இல்தான் வந்தது. அன்று பிறந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1977-இல் பிரதமராக இருந்த மொரார்ஜி, ருக்மிணி தேவியைக் குடியரசுத் தலைவர் ஆக்க விரும்பினார்; அவர் மறுத்துவிட்டார். நான்காண்டுக்கு ஒருமுறை வரும் தாளில் இப்படி ஒரு வரி கிடைத்தால் அன்றைய உழைப்பு வீண்போகவில்லை.

எல்லாம் முடிந்தபின் என் ஏப்ரல் 23 தாள் இப்படி மாறியிருந்தது. ஷேக்ஸ்பியர் இரண்டு பகுதியிலும் நிற்கிறார். பிறப்பில் 'மரபாக', இறப்பில் 'பழைய கணக்கு'. செர்வான்டிஸ் 22-க்குப் போனார். நபக்கோவும் 22-க்குப் போனார். இங்கே அவர் கொண்டாடிய நாள் என்று ஒரு குறிப்பு மட்டும். புரோகோஃபியெவ் 27-க்கு, கொமரோவ் 24-க்கு. பிளாங்க், டெம்பிள், வேர்ட்ஸ்வொர்த், ராய், யெல்ட்சின் இருந்த இடத்திலேயே. அடித்த வரிகளை அழிக்காமல், ஏன் அடித்தேன் என்ற காரணத்தோடு தாளின் ஓரத்தில் வைத்திருக்கிறேன். ஒவ்வோர் ஏப்ரலிலும் "செர்வான்டிஸை விட்டுவிட்டீர்களே" என்று யாராவது கேட்கிறார்கள். அந்த ஓரக் குறிப்பைத்தான் அவர்களுக்கு அனுப்புகிறேன்.